நமது டேமில் மீன் குறைவது ஏன்?

"ஐயா, முந்தியெல்லாம் ஒரு மணித்தியாலம் தூண்டில் போட்டா ரெண்டு வேளைக் கறிக்கு மீன் விழும். இப்ப விடிஞ்சதுல இருந்து உக்காந்தாலும் வெறும் சட்டிதான். மீனெல்லாம் எங்கதான் போச்சு?"

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய் சேய் கிளினிக் முடிந்து நாம் திரும்பும்போது ஒரு பெரியவர் வழிமறித்துக் கேட்ட கேள்வி இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் அவர் உட்காரும் கல்லைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று நம்மிடம் பதில் இல்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு மஸ்கெலியாப் பக்கமும் இதே பேச்சுத்தான். கரையில் மீன் பிடிப்பவர்களிடமும், மீன்குஞ்சு விடுகின்ற உத்தியோகத்தர்களிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. கெசல்கமு ஓயாவை மறித்து காசல்ரி நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலும், மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்டன. இப்போது தண்ணீர் நிற்கும் இடத்தில் அன்று தேயிலை மலைகள் இருந்தன. பழைய மஸ்கெலியா நகரமும் மவுஸ்ஸாக்கலையின் அடியில்தான் கிடக்கிறது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும், அதைப் பார்க்க நாமெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். இந்தத் தண்ணீரைத் தேக்கியது மீனுக்காக அல்ல, மின்சாரத்துக்காக. காசல்ரித் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்கும் போகிறது. ஆகவே மழையும் மின்சாரத் தேவையும் சொல்கிறபடி தண்ணீர் ஏறும், இறங்கும். தை பிறந்து சித்திரை வரைக்கும் இறக்கம், வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் ஏற்றம். இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

இந்த மீன்களும் நம்மைப்போல வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவைதான். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக 1880களில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் விட்டார்கள். அது நமது சட்டிக்கு வந்த மீன் அல்ல. நமது சட்டிக்கு வந்தது திலாப்பியா. 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்க இனமான திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஊர்களில் ஜப்பான் மீன் என்று சொல்வார்கள், ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! 1975இல் அதைவிடப் பெரிதாக வளரும் நைல் திலாப்பியா வந்தது. கார்ப் மீன் வெள்ளைக்காரர் காலத்திலேயே மலைநாட்டுக்கு வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து ரோகு, கட்லா, மிரிகால் ஆகியவை 1980களில் வந்தன. 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன் வளர்ப்புக்கு அரசாங்கம் தனது ஆதரவை நிறுத்தியிருந்தது. பின்னர் மீண்டும் தொடங்கி, 1999இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை அமைத்தார்கள். நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடும் வேலை இப்போது அதன் பொறுப்பில்தான் இருக்கிறது.

"டேம்ல மீன் தானாப் பெருகும்தானே, எதுக்குக் குஞ்சு விடணும்?" என்று பலர் கேட்கிறார்கள். பெரியவரின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. எல்லா மீனும் தானாகப் பெருகாது.

திலாப்பியா தானாகப் பெருகும். ஆண் மீன் கரையோரத்தில், ஆழமில்லாத இடத்தில் வட்டமாகக் குழி தோண்டும். தண்ணீர் இறங்கிய பிறகு சேற்றில் சாப்பாட்டுக் கோப்பை கவிழ்த்து அமுக்கியது மாதிரி வட்டம் வட்டமாகக் காணப்படுகின்றனவே, அவை இந்தக் குழிகள்தான். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அந்த முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரிக்கும் வரை வாய்க்குள்ளேதான். பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். ஒரு தடவைக்குச் சில நூறு குஞ்சுகள்தான், ஆனாலும் தாய் காப்பதால் பிழைத்துக்கொள்ளும். ஒரு குறை, இது சூட்டு நாட்டு மீன். தண்ணீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இனப்பெருக்கம் நின்றுவிடும், இரை எடுப்பதும் குறையும். நமது நீர்த்தேக்கங்களோ 3,500 அடிக்கு மேலே இருக்கின்றன. மார்கழி, தை மாதக் குளிரில் தூண்டில் அசையாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். கொத்மலை, விக்டோரியா போன்ற தாழ்ந்த இடத்து நீர்த்தேக்கங்களில் இருப்பது போன்ற திலாப்பியாவை நமது மலையில் எதிர்பார்க்க இயலாது.

கார்ப் குளிரைத் தாங்கும். ஒரு கிலோ நிறையுள்ள தாய் ஓர் இலட்சம் முட்டைகள் வரை இடும் என்கிறார்கள். அப்படியென்றால் டேம் கார்ப்பால் நிரம்பி வழிய வேண்டுமே? அங்கேதான் சிக்கல். அது கரையோரத்துப் புல்லிலும் செடியிலும் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும், காவல் கிடையாது. முட்டை ஒட்டிய நாலு நாளுக்குள் மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுத்தால் புல் கரையேறிவிடும், முட்டை வெயிலில் காய்ந்துவிடும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நமது லயத்தில் எரியும் பல்புக்கும் அதே தண்ணீர்தான் போகிறது.

ரோகு, கட்லா, மிரிகால் மூன்றும் இன்னொரு மாதிரி. அவை வெள்ளம் ஓடும் பெரிய ஆறுகளில் முட்டையிடும் இனம். தேங்கி நிற்கும் தண்ணீரில் வளரும், ஆனால் பெருகாது. குஞ்சு உற்பத்தி நிலையத்தில் தாய் மீனுக்கு ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். ஆக, டேமில் விட்ட ஒரு ரோகுக் குஞ்சை நாம் பிடித்துவிட்டால் அதன் இடத்துக்கு இன்னொன்று தானாக வராது. லொறியில் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

இனி நமது சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டமொன்றுக்கு நாம் போகும்போது ஒரு வீட்டில் சுடச்சுடப் பொரித்த சின்ன மீன் தந்தார்கள். நெத்தலி மாதிரி, முள்ளோடு கடித்துச் சாப்பிடலாம். நல்ல ருசி. நாமும் அடுத்த தடவை காசு கொடுத்து ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தோம். அதைப் பார்த்த ஓர் உத்தியோகத்தர் ஒன்றைக் கையிலெடுத்து, "இது என்ன மீனென்று தெரியுமா? கொஞ்ச நாளுக்கு முன்னே நாங்கள் விட்ட ரோகுக் குஞ்சு" என்றார். சுண்டுவிரல் நீளம். விட்டு வைத்திருந்தால் கிலோக் கணக்கில் வளர்ந்திருக்கும். அந்தப் பையில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

குஞ்சை விட்ட உடனே அவை ஆழத்துக்குப் போவதில்லை. கரையோரத்திலும் ஓடைகள் வந்து விழும் இடங்களிலும் கூட்டமாகத் திரியும். அந்த நேரத்தில் சின்னக் கண் வலையை இழுத்தால் ஒரே இழுவையில் சாக்குக் கணக்கில் வரும். மீன் குறைவதற்கு நமக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான். தூண்டில்காரரால் டேம் வற்றிப் போகாது. இன்னொரு விஷயமும் உண்டு. வாய் நிறைய முட்டை வைத்திருக்கும் தாய்த் திலாப்பியா அநேகமாக இரை எடுக்காது, அதனால் தூண்டிலில் சுலபமாக அகப்படாது. வலைக்குத் தாயும் தெரியாது, பிள்ளையும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை தடை செய்யப்பட்டிருக்கிறது. வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளக்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் நடுவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதைவிடச் சிறியதென்றால் பிழையான வலை. வலை போட்டுப் பிடிக்க உரிமமும் வேண்டும். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி குற்றம். வெடி வைத்தால் மிதப்பது கொஞ்சம், அடியில் போய் அழுகுவதும் உண்டு, கை போனவர்களும் உண்டு.

நஞ்சு என்றதும் "நாங்க எங்க சார் நஞ்சு கலக்கிறோம்?" என்பீர்கள். மருந்தடித்து முடிந்ததும் டாங்கியை எங்கே கழுவுகிறோம்? ஓடையில். ஓடை எங்கே போகிறது? வெறுங்கலனில் மீனைப் போட்டுக்கொண்டு வருவதையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். புல்லுக்கு அடிக்கும் மருந்து இருந்த கலனை எத்தனை தடவை கழுவினாலும் அது சமையல் பாத்திரமாகாது. மீனுக்கும் வேண்டாம், தண்ணீருக்கும் வேண்டாம்.

தூண்டில் போடுவதைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தருவது, கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குக் கொழுந்தைக் காட்டுவது மாதிரி. இருந்தாலும் இளைஞர்கள் கேட்டபடியால் கரையில் நாம் பார்த்ததை எழுதுகிறோம். மூங்கில் கம்பு போதும், ரீல் அவசியமில்லை. தங்கூசி மெல்லியதாக இருக்கட்டும், தடித்த தங்கூசியை மீன் கண்டுகொள்ளும். மிதப்புக்குப் பழைய ரப்பர் செருப்புத் துண்டு, பாரத்துக்குச் சின்ன ஈயத்துண்டு. திலாப்பியாவுக்கு மாட்டுப்பட்டிக் குப்பையில் தோண்டிய மண்புழு, அல்லது கோதுமை மாவைக் கொஞ்சம் சீனி போட்டுப் பிசைந்த உருண்டை. கார்ப் அடியில் மேயும் மீன், அதன் வாயைப் பார்த்தாலே கீழ்நோக்கி நீண்டு உறிஞ்சுவது தெரியும். ஆகவே இரை அடியைத் தொட வேண்டும். புண்ணாக்கும் தவிடும் உருட்டி முதல் நாள் மாலை ஒரே இடத்தில் போட்டுவிட்டு மறுநாள் விடிய அங்கே போய் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வெறுங்கையுடன் வருவது குறைவு. நேரம் அதிகாலையும் அந்தியும். சின்னதாக அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து மெதுவாக விட்டுவிடலாம், காய்ந்த கையால் பிடித்தால் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து பிறகு நோய் பிடிக்கும். லயத்துக் கானும் மலசலகூடத் தண்ணீரும் வந்து விழும் இடத்தில் மீன் நிறைய இருக்கும். அங்கே பிடிக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இனிச் சொல்லப்போவதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2022ஆம் ஆண்டு நாடு கிடந்த கிடையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை முந்திய வருஷத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. டின் மீனும் கருவாடும் தொட முடியாத விலை. நாமே பிள்ளைக்காம்பராவில் தாய்மாரைக் கூட்டி, "டேம் மீன் இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்று சொன்னோம். மீனின் சத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினோம். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நமது பிழை.

அந்தச் சித்திரை விடுமுறையில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறங்கிய கரையில் நடந்தான். மேலே காய்ந்து வெடித்த மண், பார்த்தால் மைதானம் மாதிரி. பத்தடி உள்ளே போனதும் மண்ணோடு உள்ளே இறங்கிவிட்டான். மலைகளிலிருந்து அடித்து வந்த வண்டல் அடியில் களி மாதிரிக் கிடக்கிறது, மேலே இருப்பது வெறும் பொருக்கு. உதற உதற நெஞ்சு வரை போய்விட்டது. மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஒருவரும் சேற்றில் இறங்கவில்லை. கூடைக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து எறிந்து, படங்குகளைச் சேற்றில் விரித்து, அவனை மல்லாக்கச் சாயச் சொல்லி இழுத்தார்கள். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இன்று அவன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். அந்தப் பெண்கள் செய்தது ஒவ்வொன்றும் சரியான வேலை. ஆனால் 2023இல் வேறொரு தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை போத்தலோடு மீன் பிடிக்கப் போன ஒரு தகப்பனை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அவர் நீந்தத் தெரிந்தவர்தான்.

சேற்றில் அகப்பட்டால் காலை உதறக் கூடாது. பின்பக்கம் சாய்ந்து, கை இரண்டையும் அகல விரித்து, ஒரு காலை மெதுவாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்கி நின்று தூண்டில் போடுவதும் ஆபத்து. அடியில் கிடப்பது பழைய தேயிலை மலையல்லவா? கல்லுக்கட்டும் படிகளும் அப்படியே இருக்கின்றன. ஓர் அடி வரை இடுப்பளவு, அடுத்த அடியில் ஆள் முங்கும். கரையில் நின்று எறிந்தால் விழாத மீன் தண்ணீரில் இறங்கி எறிந்தாலும் விழப்போவதில்லை. அணைக்கட்டுக்கும் தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கும் கிட்டப் போகவே வேண்டாம். அணைகளுக்குக் கீழே ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் இன்னும் கவனம். தலவாக்கலையில் 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை அணையின் வான்கதவு திறந்தால், உங்கள் தலைக்கு மேலே மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் பாய்ந்து வரும்.

கூடப் போகிறவர் ஒரு வெறுங்கலனை மூடியை இறுக்கி, நீளக் கயிற்றில் கட்டி வைத்திருந்தால் விழுந்தவருக்கு எறியலாம். நீங்கள் குதிக்காதீர்கள், ஒரு சாவு இரண்டாகும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வயிற்றை அமுக்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சின் நடுவில் வேகமாக அமுக்குங்கள், மாறி மாறி நிறுத்தாமல் செய்யுங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. பழக்கிக் காட்டச் சொன்னால் எந்தத் தோட்டத்துக்கும் நாம் வருவோம்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு கிராம் மீன் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. திலாப்பியாவில் பெருமுள் மட்டும்தான், பிள்ளைக்குப் பிரித்துக் கொடுப்பது சுலபம். கார்ப், ரோகு இரண்டிலும் சதைக்குள்ளே கவைக்கம்பு மாதிரி மெல்லிய முள் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். சேற்று மணம் பிடிக்காவிட்டால் உப்பு, மஞ்சள், கொறுக்காய்ப்புளி தடவி அரை மணித்தியாலம் வைத்துக் கழுவிவிட்டுச் சமையுங்கள். சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடிக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது. தேயிலை விளைவிக்கிற நமக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் அந்தப் பெரியவரைத் திரும்பவும் அதே கல்லில் பார்த்தோம். ரோகுக் குஞ்சுக் கதையையும் வலைக்கண் கணக்கையும் விளக்கமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிங்க ஐயா, எங்களுக்குச் சொல்லிட்டீங்க. ராவுல தோணியில வந்து வலை இழுக்கிறானே, அவனுக்கு யாரு சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. குஞ்சு விட்ட பிறகு முதல் மூன்று மாதமாவது இரவுக் காவல் வேண்டுமென்றும், கரையோரத் தோட்டத்து இளைஞர்களை நன்னீர் மீனவர் சங்கமாகப் பதிந்து அந்தக் காவலில் சேர்க்க வேண்டுமென்றும் அதிகார சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். மூன்று தோட்டத்துத் தலைவர்மார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சேர விரும்பும் தோட்டங்கள் பிள்ளைக்காம்பரா ஆசிரியையிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். கடிதத்துக்குப் பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுவோம்.